சைடு வால்வ் இன்ஜினுக்கு மூணு ஹெட் கைல இருக்கு, எது உண்மையிலேயே நல்லதுன்னு எப்படி டெஸ்ட் பண்றது?

செவன்ஓட்டி:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப ஒரு சந்தேகம் மண்டையைக் குடையுது அதான் எழுதுறேன். என்கிட்ட 1931 ஆஸ்டின் செவன் இருக்கு, அதே 747 சிசி சைடு வால்வ் இன்ஜின் தான் (வால்வ் ஹெட்ல இல்லாம சிலிண்டருக்குப் பக்கத்துல பிளாக்குல இருக்கும்), தண்ணி பம்ப் கிடையாது, கிராங்குக்கு ரெண்டே ரெண்டு மெயின் பேரிங். போன வருஷம் இன்ஜினை முழுசா பிரிச்சு பிஸ்டன், வால்வ், சீட் எல்லாம் புதுசு பண்ணியாச்சு, நல்லாவே ஓடுது.

பிரச்சனை என்னன்னா என்கிட்ட இப்ப மூணு சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டரை மேல மூடுற மூடி, சேர்ந்துடுச்சு. ஒண்ணு வண்டியோட வந்த இரும்பு ஹெட். ரெண்டாவது அலுமினியத்துல வார்த்த ரிக்கார்டோ டைப் (பிஸ்டனோட பெரும்பகுதிக்கு மேல ஹெட் ஒட்டி வர்ற வடிவம்), யாரோ பழசைப் பார்த்து செஞ்சது. மூணாவதும் அலுமினியம் தான், புதுசு, "ஹை கம்ப்ரஷன் 6-க்கு 1", அதாவது கலவையை ஆறுல ஒரு பங்கா அமுக்கும்னு சொல்லி வித்தது. போன மாசம் அந்த மூணாவதை மாட்டி வழக்கமா போற ஏத்தத்துல ஏத்திப் பார்த்தேன், அடடா என்னமா இழுக்குதுன்னு தோணிச்சு. ஒரு வாரம் கழிச்சு கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல போடுற தகடு) கசிஞ்சதால கழட்டிட்டு பழைய இரும்பு ஹெட்டையே மாட்டினேன், அதே ஏத்தம், அப்பவும் நல்லா இழுக்குற மாதிரியே தான் இருந்துச்சு!! இப்ப என் உணர்வையே நம்ப முடியல.

இன்ஜினை இறக்கி பெஞ்ச்ல வச்சு டைனோ (பவர் அளக்குற மெஷின்) ஓட்டுற வசதி எனக்கு இல்ல. ஸ்டாப்வாட்ச் இருக்கு, போன்ல ஜிபிஎஸ் ஆப் இருக்கு, கம்ப்ரஷன் கேஜ் இருக்கு. இத வச்சு மூணு ஹெட்டையும் நியாயமா ஒப்பிட முடியுமா? கம்ப்ரஷன் கேஜ்ல யாருக்கு அதிகமா காட்டுதோ அது தான் நல்ல ஹெட்டுன்னு எடுத்துக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழையஇரும்பு:

தம்பி, ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மேஜை மேல வேலை இருக்கு. ஹெட் மேல என்ன நம்பர் எழுதியிருந்தாலும் நம்பாதீங்க, நீங்களே அளங்க.

கம்ப்ரஷன் கேஜை இதுக்கு எடுக்காதீங்க. அது காட்டுற பிரஷர் பேட்டரி இன்ஜினை எவ்வளவு வேகமா சுத்துது, ரிங் எப்படி இருக்கு, இன்டேக் வால்வ் எப்ப மூடுது, சிலிண்டர்ல எண்ணெய் எவ்வளவு ஒட்டியிருக்கு இதெல்லாம் சேர்ந்த ஒரு நம்பர். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்க நல்லது, ரெண்டு ஹெட்டை ஒப்பிட உதவாது.

செய்ய வேண்டியது இது. ஹெட்டை நல்லா கார்பன் போக சுத்தம் பண்ணி, பிளக்கை மாட்டி, மேஜைல கவுத்து வைங்க, சேம்பர் (கலவை எரியுற குழி) மேல பார்த்த மாதிரி, மட்டம் பார்த்துக்கோங்க. ஒரு கெட்டியான கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தகடு எடுத்து ஓரமா ரெண்டு சின்ன ஓட்டை போடுங்க, ஒண்ணு ஊத்த இன்னொண்ணு காத்து வெளியே போக. சேம்பர் விளிம்புல மெல்லிசா கிரீஸ் தடவி தகட்டை அமுக்கி ஒட்டுங்க. அப்புறம் ஸ்கூல் லேப்ல பார்த்திருப்பீங்களே பியூரெட், அதுல மண்ணெண்ணெய் ஊத்தி கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. கடைசியா தகட்டுக்கு அடியில ஒரு குமிழி நிக்கும் பாருங்க, ஹெட்டை லேசா சாய்ச்சா அது நகர்ந்து ஓட்டைக்கு வந்து "பொளக்"னு வெளியேறும், அந்த நேரம் பியூரெட்ல அளவு குறிச்சுக்கோங்க. நாலு சேம்பருக்கும் தனித்தனியா. கைல வார்த்த ஹெட்டுல நாலும் ஒரே அளவா இருந்து நான் பார்த்ததில்ல.

அதோட முடியல. சைடு வால்வ்ல கேஸ்கெட் ஓட்டை சிலிண்டரை மட்டும் சுத்தி வராது, ரெண்டு வால்வையும் சேர்த்து வளைச்சு வரும், அதனால கேஸ்கெட் தடிப்புலயே நிறைய சிசி ஒளிஞ்சிருக்கும். உங்க வண்டில அந்த ஓட்டை ஏறக்குறைய 40 சதுர சென்டிமீட்டர் வரும், இறுக்கின அப்புறம் 1.2 மில்லிமீட்டர் தடிப்புன்னா கிட்டத்தட்ட 5 சிசி. பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது பிளாக்குல இருக்குற பள்ளத்தையும் அதே மாதிரி அளந்து சேர்த்துக்கோங்க. ஒரு சிலிண்டருக்கு உங்களுக்கு 187 சிசி. அதோட மொத்த மீதி இடத்தை (சேம்பர், கேஸ்கெட், பள்ளம் மூணும் சேர்ந்தது) கூட்டி, அந்த மீதி இடத்தால வகுங்க, அது தான் உண்மையான ரேஷியோ. 6-க்கு 1 வேணும்னா எல்லாம் சேர்த்து 37 சிசி சொச்சத்துக்குள்ள வரணும்.

இன்னொண்ணு, பசங்க விளையாடுற கிளே கொஞ்சம் எடுத்து பிஸ்டன் தலையில நாலு இடத்துல, ரெண்டு வால்வ் மேல, சின்னச் சின்ன உருண்டையா வைங்க. ஹெட்டோட உள்பக்கம் எண்ணெய் தடவுங்க ஒட்டாம இருக்க. பழைய கேஸ்கெட்டைப் போட்டு ஹெட்டை இறுக்கி, பிளக்கெல்லாம் கழட்டிட்டு கையால கிராங்கை முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க, எங்கயாவது தடுத்தா பலம் போடாம நிறுத்திடுங்க. அப்புறம் கழட்டி, நசுங்கின கிளேயை பிளேடால குறுக்க வெட்டி வெர்னியர் வச்சு அளங்க. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, வால்வ் முழுசா எழும்பும்போது மேல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கண்ணால தெரிஞ்சுடும். எனக்கு இந்த வேலை முழுக்கவுமே பிடிச்ச கட்டம் இதுதான், அந்த கிளேல வால்வோட விளிம்பு அப்படியே அச்சா பதிஞ்சிருக்கும்.

பழைய கேஸ்கெட்னு சொன்னேன், அது ரொம்பப் பழைய செப்பு கேஸ்கெட்டா இருந்தா உள்ள ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அத சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, தூசி கிளப்பாதீங்க. நனைச்சு எடுத்து பையில கட்டி தனியா வைங்க.

ஸ்டாப்வாட்ச்:

பழையஇரும்பு ஐயா சொன்னதுக்கு மேல மேஜை வேலைல சேர்க்க ஒண்ணும் இல்ல, ரோட்டு வேலைய நான் சொல்றேன் ஏன்னா இதுல நான் ஒரு வருஷம் தப்பா பண்ணிட்டு அப்புறம் தான் கத்துக்கிட்டேன்.

நீங்க கேட்ட "ரெண்டுமே நல்லா இழுத்துச்சு"ங்கறதுக்கு காரணம் சொல்லவா? ஒவ்வொரு தடவை ஹெட்டைக் கழட்டும்போதும் நீங்க கார்பன் சுரண்டுறீங்க, டேப்பெட் கேப் பார்க்குறீங்க, பிளக் தொடைக்கிறீங்க, புது கேஸ்கெட் போடுறீங்க. வண்டி நல்லா தான் ஓடும். அந்த நல்லதெல்லாம் புதுசா மாட்டின ஹெட்டோட கணக்குல போய் சேர்ந்துடுது. அதனால முதல் டெஸ்ட் என்னன்னா, ஒரிஜினல் ஹெட்டோட நேரம் எடுங்க, அதைக் கழட்டுங்க, அதையே திரும்ப மாட்டுங்க, மறுபடி நேரம் எடுங்க. ரெண்டுக்கும் வர்ற வித்தியாசம் தான் உங்க அளவீட்டோட தடுமாற்றம். அதைவிட சின்ன வித்தியாசம் எந்த ஹெட் காட்டினாலும் அதுக்கு அர்த்தம் கிடையாது. அப்புறம் ஒரிஜினல், ரிக்கார்டோ, ஒரிஜினல், மூணாவது, ஒரிஜினல்னு மாத்தி மாத்திப் போங்க. நடுநடுவுல வர்ற ஒரிஜினல் ஒவ்வொண்ணும் ஒரே நேரம் காட்டுச்சுன்னா தான் மத்த ரெண்டையும் நம்பலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா நாம தேடுற வித்தியாசமே ரொம்ப சின்னது. புத்தகக் கணக்குப்படி கம்ப்ரஷன் 4.9-ல இருந்து 6-க்கு ஏறினா இன்ஜினோட எஃபிஷியன்சி அதிகபட்சம் 9 சதவீதம் தான் கூடும், நடைமுறைல அதைவிடக் கொஞ்சம் கம்மி. இப்ப காத்தை எடுத்துக்கோங்க, 20 டிகிரில இருந்து 30 டிகிரிக்கு வெயில் ஏறினா காத்தோட அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல குறையுது. அதாவது ஒரு ஹெட்டைக் காலைலயும் இன்னொண்ணை மத்தியானமும் ஓட்டிப் பார்த்தீங்கன்னா நீங்க தேடுறதுல மூணுல ஒரு பங்கை வெயில் தின்னுடும் இல்ல சேர்த்துக் கொடுத்துடும். ஒரே நேரத்துல ஓட்டுங்க, வெப்பநிலையும் காத்தழுத்தமும் குறிச்சு வைங்க.

ரோட்டுல என்ன பண்ணணும்னா, மட்டமான, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துண்டு பாருங்க, டாப் கியர்ல 32 கிலோமீட்டர் வேகத்துல நிதானமா போய்ட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு 64 வர எத்தனை செகண்டுன்னு ஜிபிஎஸ்ல எடுங்க. வண்டியோட ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதீங்க. போகும்போது ஒண்ணு வரும்போது ஒண்ணு, அது ஒரு ஜோடி, காத்து வீசுறதும் ரோட்டு சாய்வும் அதுல அடிபட்டுடும். ஒரு ஹெட்டுக்கு குறைஞ்சது அஞ்சு ஜோடி. டயர் பிரஷர், டேங்க்ல பெட்ரோல் மட்டம், வண்டில எத்தனை பேர், விண்ட்ஸ்கிரீன் மடிச்சா நிமித்தியா எல்லாம் ஒரே மாதிரி. உங்க வண்டில பம்ப் இல்லாம தண்ணி தானா சுத்துறதால சூடு ரொம்ப ஏறி இறங்கும், ரேடியேட்டர் மேல்பக்கம் ஒரே வெப்பநிலை வந்த அப்புறம் தான் ஒவ்வொரு ஓட்டமும் ஆரம்பிக்கணும்.

இன்னொரு பெரிய ஏமாத்தம் இருக்கு, இதைத் தான் யாரும் சொல்ல மாட்டாங்க. நேரம் 13 சதவீதம் குறைஞ்சா பவர் 13 சதவீதம் கூடிடுச்சுன்னு எழுதிடுவாங்க, அது தப்பு. வண்டியைத் தள்ளுற பலத்துல ஒரு பங்கு காத்தையும் டயர் உரசலையும் எதிர்க்கவே போயிடுது, மிச்சம் தான் வேகம் கூட்டும். அந்த எதிர்ப்பு ஹெட் மாத்தினா மாறாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆளோட சேர்த்து 600 கிலோ வண்டி, நியூட்ரல்ல விட்டா 50 கிலோமீட்டர் வேகத்துல ஒவ்வொரு செகண்டும் வேகம் செகண்டுக்கு 0.25 மீட்டர் குறையுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா 0.40 வீதம் கூடுது. அப்ப இன்ஜின் கொடுக்குற மொத்த பலம் 600 தடவை 0.65, அதாவது 390 நியூட்டன். இப்ப 9 சதவீதம் கூட்டினா 425, அதுல எதிர்ப்பு 150 போக 275 மிச்சம், வேகம் கூடுற வீதம் 0.46 ஆயிடும், நேரம் கிட்டத்தட்ட 13 சதவீதம் குறையும். பவர் 9 தான் கூடுச்சு. அதனால நியூட்ரல்ல உருள விட்டு ஒரு தடவை அளந்து வச்சுக்கிட்டீங்கன்னா நேரத்தை பலமா மாத்திக்கலாம்.

டார்க்விரும்பி:

எதுக்குங்க இவ்வளவு கஷ்டம், ஒரு ரோலிங் ரோடு டைனோல ஏத்தினா அரை நாள்ல முடிஞ்சிடும், கிராஃபே கைல கொடுத்துடுவாங்க.

ஸ்டாப்வாட்ச்:

@டார்க்விரும்பி நல்லது தான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா 10 குதிரைசக்தி சொச்சம் உள்ள வண்டிய இருநூறு முந்நூறு அளக்குற மெஷின்ல ஏத்தும்போது அந்த ஒல்லி டயர் சூடாகுறதும் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினோம்ங்கறதுமே அரை குதிரைசக்தியை மாத்திடும். ஹெட்டை மாத்த வண்டிய இறக்கி ஏத்தினா கதை மறுபடி முதல்ல இருந்து. டைனோ எதுக்கு உண்மையிலேயே உதவும்னா, ஒரே ஆர்பிஎம்ல லோடு பிடிச்சு வச்சுட்டு டைமிங்கை (பிளக் பொறி விடுற நேரத்தை) மட்டும் மாத்திப் பார்க்க. அது ரோட்டுல கஷ்டம்.

செவன்ஓட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவா எதிர்பார்க்கல. ரெண்டு நாளா பியூரெட்டும் கையுமா உக்காந்து அளந்தேன், சராசரி சொல்றேன்.

இரும்பு ஹெட் 41 சிசி, ரிக்கார்டோ டைப் 33, அந்த "6-க்கு 1" ஹெட் 36. கேஸ்கெட் 5, பிளாக் பக்கம் 2. கணக்கு போட்டா இரும்பு 4.9, ரிக்கார்டோ 5.7, "6-க்கு 1"னு வித்தது வெறும் 5.35!! நான் மூணு தடவை அளந்துட்டேன் அதே தான். அப்படின்னா அவங்க கேஸ்கெட்டைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன், கேஸ்கெட்டை விட்டுட்டு கூட்டிப் பார்த்தா 6-ஐ ஒட்டி வருது.

கிளே வச்சதுல ரிக்கார்டோ ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல 1.4 மில்லிமீட்டர், பிஸ்டனோட பாதிக்கு மேல அந்த ஒல்லி இடைவெளி தான். மூணாவது ஹெட்ல அப்படி எதுவும் இல்ல, வால்வ் மேலயும் பிஸ்டன் மேலயும் ஒரே உயரத்துல தட்டையா ஒரு கூரை மாதிரி ஓடுது, வால்வ் எழும்பினா மேல 2.2 மில்லிமீட்டர் மிச்சம்.

இப்ப சந்தேகம் என்னன்னா, டைமிங்கை மூணுக்கும் ஒரே இடத்துல வச்சு டெஸ்ட் பண்ணணுமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னீங்களே, அதனால கேக்குறேன்.

பழையஇரும்பு:

நல்ல கேள்வி தம்பி, நிறைய பேர் கோட்டை விடுற இடமே இது. டைமிங்கை மட்டும் ஒரே மாதிரி வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஹெட்டுக்கும் அதுக்கு உகந்த டைமிங்கைத் தேடிக் கண்டுபிடிச்சு, அங்க வச்சு தான் ஒப்பிடணும். இல்லன்னா நீங்க ஹெட்டை டெஸ்ட் பண்ணல, அந்த டைமிங்குக்கு எந்த ஹெட் பொருந்துதுன்னு டெஸ்ட் பண்றீங்க.

ஏன்னு புரிய ரிக்கார்டோ என்ன பண்ணார்னு தெரியணும். முதல் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல ஹாரி ரிக்கார்டோங்கற ஆங்கிலேய இன்ஜினியர் சைடு வால்வ் இன்ஜினை எடுத்து ஆராய்ஞ்சார். அப்ப இருந்த ஹெட்டெல்லாம் உங்க மூணாவது ஹெட் மாதிரி, வால்வ்ல இருந்து சிலிண்டரோட எதிர் ஓரம் வரை ஒரே பரப்பா விரிஞ்ச குகை. பொறி ஒரு மூலைல பத்தினா நெருப்பு அந்தக் கோடி வரை நடந்து போகணும், அதுக்குள்ள கோடில இருக்குற கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானா வெடிச்சுடும், அது தான் நாம கேக்குற "டிக் டிக் டிக்" நாக்கிங். அவர் சேம்பரை வால்வ் பக்கமா ஒதுக்கி, பிஸ்டனோட பெரும்பகுதிக்கு மேல ஹெட்டை ஒட்டிக் கொண்டு வந்துட்டார். பிஸ்டன் மேல வரும்போது அந்த ஒல்லி இடத்துல இருக்குற கலவை நசுங்கி சேம்பருக்குள்ள பீச்சி அடிக்கும், அந்தக் கொந்தளிப்புல நெருப்பு சட்டுனு பரவும். மிச்ச மீதி கலவை அந்த ஒல்லி இடத்துல மாட்டினாலும் ரெண்டு பக்கமும் உலோகம் ஒட்டி இருக்குறதால குளிர்ந்தே இருக்கும், வெடிக்காது. பிளக்கையும் சூடான எக்ஸாஸ்ட் வால்வ் பக்கமா கொண்டு வந்தார், சூடான இடத்துல இருக்குறது முதல்லயே எரிஞ்சு முடியட்டும்னு.

நெருப்பு வேகமா பரவுதுன்னா முன்கூட்டியே பத்த வைக்க வேண்டிய அவசியம் குறையுது. அதனால ரிக்கார்டோ டைப்புக்கு அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னாடி பொறி விடணும்ங்கறது) கம்மியா கேக்கும். இரும்பு ஹெட்டுக்கு வச்ச அட்வான்ஸ்லயே ஓட்டினீங்கன்னா அது கரடுமுரடா ஓடும், பவரும் குறையும், நீங்க ஹெட்டைக் குறை சொல்லிடுவீங்க.

தேடுறது எப்படின்னா பிளைவீல் ஓரத்துல டிகிரி குறிங்க. விட்டம் 250 மில்லிமீட்டர்னு வச்சா சுத்தளவு 785, 360-ஆல வகுத்தா ஒரு டிகிரிக்கு 2.2 மில்லிமீட்டர் சுமார். உங்க பிளைவீலை அளந்து ஒரு பேப்பர் பட்டையில குறிச்சு ஒட்டிக்கோங்க, டைமிங் லைட் காட்டினா தெரியும். ரெண்டு ரெண்டு டிகிரியா மாத்தி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜோடி ஓட்டம். நேரம் குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல குறையுறது நின்னுடும், அதுக்கு மேல தள்ளாதீங்க, அந்த நின்ன இடத்துல எது கம்மி அட்வான்ஸோ அதை எடுத்துக்கோங்க. பவர் கூடுறது நிக்கிறதுக்கு முன்னாடியே நாக்கிங் சத்தம் வந்துட்டா அந்த ஹெட்டுக்கு அங்கயே எல்லை, அதையும் எழுதி வைங்க, அதுவே ஒரு ரிசல்ட் தான்.

கார்புரேட்டர் ஜெட்டையும் ஒவ்வொரு ஹெட்டுக்கும் பிளக் நிறம் பார்த்து சரி பண்ணுங்க.

நாலுசிலிண்டர்அக்கா:

நான் ஃபோர்டு மாடல் ஏ வச்சிருக்கேன், என் அனுபவத்தையும் சேர்த்துக்கிறேன். 3.3 லிட்டர், ஃபேக்டரில இருந்து வந்தப்ப கம்ப்ரஷன் 4.22, 2200 ஆர்பிஎம்ல 40 குதிரைசக்தி. அவ்வளவு கம்மியா வச்சது அப்ப கிடைச்ச பெட்ரோலுக்காக. ஆக்டேன்னு நாம சொல்ற அளவுகோலே 1920-களோட பிற்பாதில தான் வந்துச்சு. 1924-ல கிரைஸ்லர் தன்னோட முதல் காரை 4.7 கம்ப்ரஷனோட விட்டப்ப அதையே ஹை கம்ப்ரஷன்னு சொல்லி வித்தாங்கன்னா பார்த்துக்கோங்க. இப்ப நாம ஊத்துற 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு 5.5, 6 எல்லாம் நாக்கிங் விஷயத்துல பெரிய சுமையே இல்ல, சேம்பர் வடிவம் மோசமா இருந்தா தவிர.

நான் 5.5 ஹெட் போட்டேன். ஏத்தத்துல கியர் மாத்தாம டாப்லயே ஏறுறது கண்கூடா தெரிஞ்சுது. ஆனா நான் டெஸ்ட்ல பவரை மட்டும் தான் பார்த்தேன், பேரிங்கைப் பார்க்கல. அந்தக் காலத்து இன்ஜின்ல பேரிங் வைட்மெட்டல்ங்கற மென்மையான உலோகம், வார்த்து கடைஞ்சது. கம்ப்ரஷன் ஏறினா ஒவ்வொரு வெடிப்புலயும் அது மேல விழுற அடி ஏறும். எனக்கு அடுத்த சீசன்லயே ஒரு பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற பேரிங்) தட்ட ஆரம்பிச்சுது. ஹெட்டால மட்டும் தான்னு சொல்ல மாட்டேன், பேரிங் ஏற்கனவே பழசு. ஆனா போடுறதுக்கு முன்னாடி சம்ப்பை (இன்ஜின் அடியில இருக்குற எண்ணெய்த் தொட்டி) கழட்டி இடைவெளி அளந்திருக்கணும், செய்யல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. செவன்ஓட்டி, உங்க கிராங்குக்கு நடுவுல பேரிங்கே கிடையாது, 1936-ல தான் ஆஸ்டின் மூணாவது பேரிங் சேர்த்தாங்க. அது வளையும். அதனால டெஸ்ட்ங்கற பேர்ல குறைஞ்ச வேகத்துல டாப் கியர்ல அடிச்சு மிதிக்கிறதை ரொம்ப தடவை பண்ணாதீங்க, 32-ல ஆரம்பிக்கிறதுக்குக் கீழ போகவே வேண்டாம்.

அப்புறம் அலுமினியம் ஹெட் சூட்டுல இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும், ஸ்டட் இரும்பு. அதனால முதல் தடவை சூடாகி முழுசா ஆறின அப்புறம், ஆறின நிலைலயே திரும்ப இறுக்கணும். சூடா இருக்கும்போது இறுக்காதீங்க. உங்க கேஸ்கெட் கசிஞ்சதுக்கு இது காரணமா இருக்கலாம். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, மூணு தடவையா.

இன்னொரு விஷயம் யோசிங்க. உங்க ஒரிஜினல் இரும்பு, மத்த ரெண்டும் அலுமினியம். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்துறதால சேம்பர் குளிர்ச்சியா இருக்கும், நாக்கிங் தாங்கும். அதனால இரும்போட ஒப்பிடும்போது வடிவத்தால வந்த நல்லது எவ்வளவு, உலோகத்தால வந்தது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. வடிவத்தை மட்டும் ஒப்பிடணும்னா அந்த ரெண்டு அலுமினியத்தையும் தான் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்.

செவன்ஓட்டி:

ஒரு மாசம் ஆச்சு, ரிசல்ட்டோட வந்திருக்கேன். அக்கா சொன்ன மாதிரி முதல்ல சம்ப்பைக் கழட்டி பேரிங் இடைவெளி பார்த்துட்டு தான் ஆரம்பிச்சேன், நல்லாவே இருந்துச்சு. எல்லாமே விடியற்காலைல ஒரே ரோட்டுல, ஒவ்வொரு ஹெட்டுக்கும் டைமிங் தேடி வச்ச அப்புறம் அஞ்சு ஜோடி.

இரும்பு ஹெட் மூணு தடவை மாட்டினேன், 32-ல இருந்து 64-க்கு சராசரி 23.4, 23.1, 23.3 செகண்ட். ரிக்கார்டோ டைப் 21.4. மூணாவது 22.6. உருள விட்டு அளந்ததுல என் வண்டியும் 0.25 கிட்ட தான் வந்துச்சு, ஸ்டாப்வாட்ச் சொன்ன மாதிரி பலமா மாத்தினா ரிக்கார்டோ 5 சதவீதம் அதிகம், மூணாவது 2 சதவீதத்தைக்கூடத் தொடல. அட்வான்ஸும் அப்படியே சொன்னபடி, ரிக்கார்டோ இரும்பை விட 6 டிகிரி கம்மியா கேட்டுச்சு. மூணாவதுல பவர் நிக்கிறதுக்கு முன்னாடியே ஏத்தத்துல டிக் டிக்னு சத்தம், 4 டிகிரி பின்னாடி இழுக்க வேண்டியதாச்சு.

ஒண்ணு கவனிச்சேன், ஜிபிஎஸ்ல துண்டு துண்டா பிரிச்சுப் பார்த்தா ரிக்கார்டோ ஜெயிக்கிறது முழுக்க 50-க்குக் கீழ, 58-க்கு மேல இரும்போட சமமாயிடுது. ஹெட்டைக் கழட்டினப்ப பிஸ்டன் மேல அந்த ஒல்லி இடைவெளி இருந்த பகுதி பளபளன்னு கழுவின மாதிரி இருந்துச்சு, வால்வ் பக்கம் மட்டும் மெல்லிசா பழுப்புக் கார்பன். மூணாவதுல பிஸ்டனோட எதிர் ஓரத்துல மிளகு தூவின மாதிரி சின்னச் சின்ன புள்ளி.

இப்ப அந்த மூணாவது ஹெட்டை இழைச்சு உண்மையிலேயே 6-க்கு கொண்டு வரலாமான்னு யோசிக்கிறேன். 5.6 சிசி குறைக்கணும், 40 சதுர சென்டிமீட்டருக்கு 1.4 மில்லிமீட்டர் இழைச்சா போதும்.

பழையஇரும்பு:

அருமையா பண்ணியிருக்கீங்க தம்பி, மூணு இரும்பு ரிசல்ட்டும் 0.3-க்குள்ள இருக்கு பாருங்க, அதனால தான் மத்த ரெண்டையும் நான் நம்புறேன்.

இழைக்காதீங்க. வால்வ் மேல 2.2 தான் மிச்சம்னு சொன்னீங்க, 1.4 எடுத்தா 0.8. வால்வ் கொஞ்சம் மிதந்தா கூரைல இடிக்கும். அதை விடுங்க, சைடு வால்வ்ல உள்ள வர்ற கலவை வால்வைத் தாண்டி மேல எழும்பி, வளைஞ்சு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற அந்த தொண்டை வழியா தான் சிலிண்டருக்குள்ள இறங்கணும். கூரையை இறக்கினா கம்ப்ரஷன் ஏறும், தொண்டை சுருங்கும். தொண்டை 45 மில்லிமீட்டர் அகலம்னா 1.4 இறக்கினதும் 63 சதுர மில்லிமீட்டர் போச்சு. உங்க ரிக்கார்டோ ஹெட் 58-க்கு மேல இரும்போட சமமாகுறதுக்கே அந்த தொண்டை தான் காரணம்னு நினைக்கிறேன், 5.7 கம்ப்ரஷன் கொடுக்குறதை அது திரும்ப வாங்கிடுது. மூணாவதுல நாக்கிங் ஏற்கனவே இருக்கு, அந்த மிளகு புள்ளி அலுமினியம் பிஸ்டன்ல வெடிப்பு கொத்தின தடம். அதே வடிவத்துல கம்ப்ரஷனை மட்டும் ஏத்தினா இன்னும் ஆழமா கொத்தும்.

கை அரிச்சா ரிக்கார்டோ ஹெட்ல இன்டேக் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற அந்த விளிம்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டி விடுங்க, நாலுலயும் ஒரே மாதிரி, சுரண்ட சுரண்ட பியூரெட் வச்சு அளந்துக்கிட்டே. ஒரு சிலிண்டருக்கு ஒரு சிசிக்கு மேல போகாதீங்க. அப்புறம் 50-ல இருந்து 70 வர தனியா நேரம் எடுத்துப் பாருங்க.

செவன்ஓட்டி:

சரிங்க ஐயா, மூணாவதைத் துணில சுத்தி மேல வச்சுட்டேன். விளிம்பு வேலை அடுத்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறேன், முன்னாடியும் பின்னாடியும் இரும்பு ஹெட்டோட ஒரு ஓட்டம் எடுத்துட்டு நம்பர் இங்கயே போடுறேன்.